கார்த்திகைப் பெண்களைச் சுற்றி நீலப் புகை!

குட்டீஸ்! தை மாதம் இரவு எட்டு மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே தள்ளி, ஒரு சின்னக் கொத்தாகச் சில நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். முதல் பார்வைக்கு, யாரோ வானத்தில் சுண்ணாம்பு விரலால் லேசாகத் தேய்த்துவிட்ட மாதிரி மங்கலாகத் தெரியும். கண் இருட்டுக்குப் பழகியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வரும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு தெரியும். கூர்மையான கண் உள்ளவர்கள் அதற்கு மேலும் எண்ணிவிடுவார்கள்.

அதுதான் கார்த்திகை. கிருத்திகை என்றும் சொல்வார்கள். பழைய தமிழில் அதற்கு 'அறுமீன்' என்று பெயர். குழந்தை முருகனுக்குப் பாலூட்டி வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்கள் கதையைப் பாட்டி சொல்லியிருப்பாரே, அந்த ஆறு பேர்தான் இவர்கள். கிரேக்க நாட்டுக் கதையில் இவர்கள் ஏழு சகோதரிகள். ஜப்பான்காரர்கள் இதைச் 'சுபாரு' என்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு கார் கம்பெனியே இருக்கிறது. அதன் முத்திரையைப் பார்த்தால் அதிலும் ஆறு நட்சத்திரம்தான்!

ஒரு வேடிக்கை தெரியுமா? கார்த்திகைத் தீபத்தன்று கார்த்திகையைப் பார்ப்பதுதான் ரொம்பக் கஷ்டம். அன்று முழு நிலா அந்த நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். நிலா வெளிச்சத்தில் பாவம், ஆறு பேரும் அமுங்கிப் போவார்கள்.

இருக்கட்டும். இந்த நட்சத்திரங்களைப் பெரிய தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்திப் படம் எடுத்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் மெல்லிய நீலப் புகை படர்ந்திருக்கும். சாமி அறையில் ஊதுபத்தி ஏற்றி வைத்தால் புகை இழை இழையாக எழுமே, அதே மாதிரி கோடு கோடாக, நீலமாக.

நட்சத்திரத்துக்கு ஏது புகை? அங்கே என்ன எரிகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

கண்ணாடியில் பட்ட மூச்சு

கதை 1859-ல் இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரத்தில் தொடங்குகிறது. அங்கே வில்ஹெல்ம் டெம்பெல் என்று ஒரு ஜெர்மானியர் இருந்தார். அவர் விஞ்ஞானி இல்லை. கல்லில் படம் வரைந்து அச்சடிக்கும் 'லித்தோகிராப்' வேலைதான் அவருடைய தொழில். வானத்தின் மேல் ஆசை அதிகம். கையில் இருந்த காசைப் போட்டு நான்கு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கி வைத்திருந்தார். வெனிஸில் ஒரு பழைய மாளிகையின் சுருள் படிக்கட்டு உச்சிதான் அவருக்கு வானாய்வகம்.

அந்த ஆண்டு அக்டோபர் 19 இரவு, கார்த்திகைக் கூட்டத்தில் மெரோபி என்ற நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஏதோ தெரிந்தது. வால்நட்சத்திரம் என்று நினைத்து டெம்பெலுக்கு ஒரே சந்தோஷம். வால்நட்சத்திரம் என்றால் நாளுக்கு நாள் இடம் மாறும் அல்லவா? மறுநாள் இரவு பார்த்தால் அது அதே இடத்தில் அப்படியே இருந்தது. ஆகவே வால்நட்சத்திரம் இல்லை. கண்ணாடி மேல் ஊதினால் படியும் மூச்சுக் கறை மாதிரி அது இருப்பதாக அவர் வர்ணித்தார். இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

ஆனால் மற்றவர்கள் நம்பினார்களா? அவருடையதைவிடப் பெரிய பெரிய தொலைநோக்கி வைத்திருந்தவர்கள் தேடிப் பார்த்தார்கள். சிலர் 'தெரிகிறது' என்றார்கள். சிலர் 'அப்படி ஒன்றுமே இல்லையே' என்றார்கள். பெரிய தொலைநோக்கியில் தெரியாதது சின்னதில் எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. ஒரு பொருளை ரொம்பப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் வெளிச்சம் பரவி நீர்த்துவிடும். அரை டம்ளர் மோரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றின கதைதான். அதோடு, பார்வை ஒரு சின்ன இடத்துக்குள் சுருங்கிவிடும். கண்ணுக்கு முன்னால் முழுவதும் மங்கல் என்றால், எது மங்கல் எது இருட்டு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

சண்டையைத் தீர்த்து வைத்தது கேமரா. நம் கண் ஒரு நொடிக்குள் வந்த வெளிச்சத்தை மட்டுமே பார்க்கும். புகைப்படத் தகடு அப்படி இல்லை. மணிக்கணக்கில் திறந்து வைத்தால் அத்தனை நேரமும் வந்த வெளிச்சத்தைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். 1885-ல் பாரிஸில் பால் ஹென்றி, பிராஸ்பர் ஹென்றி என்ற சகோதரர்கள் கார்த்திகையைப் படம் எடுத்தார்கள். அதில் மையா என்ற நட்சத்திரத்தைச் சுற்றியும் புகை இருந்தது! அது அதுவரை யார் கண்ணுக்கும் படாத புகை. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த படத்தில் இன்னும் பல நட்சத்திரங்களைச் சுற்றிப் புகை தெரிந்தது. டெம்பெல் சொன்னது உண்மைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

டெம்பெலைப் பற்றி இன்னொன்று. அவர் 1867-ல் கண்டுபிடித்த ஒரு வால்நட்சத்திரத்தின் மேல்தான் 2005 ஜூலை 4-ம் தேதி அமெரிக்காவின் 'டீப் இம்பாக்ட்' விண்கலம் ஒரு கருவியை மோதவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தது. அந்த வால்நட்சத்திரத்தின் பெயரே 'டெம்பெல் 1'தான்.

நட்சத்திரத்தின் கைரேகை

புகை இருப்பது உறுதி. ஆனால் அது என்ன? வானத்தில் இப்படி மங்கலாகத் தெரியும் முகில்களுக்கு 'நெபுலா' என்று பெயர். லத்தீன் மொழியில் மூடுபனி என்று அர்த்தம். 1864-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் வெளிச்சத்தை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தார். மழை நாளில் வானவில் தெரிவதுபோல், எந்த வெளிச்சத்தையும் இப்படி வண்ணப் பட்டையாகப் பிரிக்கலாம். இதற்கு நிறமாலை என்று பெயர். ஹக்கின்ஸ் பார்த்த நெபுலாவில் முழு வண்ணப் பட்டை வரவில்லை. சில பளிச் கோடுகள் மட்டும் வந்தன. சூடான வாயுதான் இப்படிக் கோடு போடும். கடைத்தெருவில் சிவப்பாக எரியும் நியான் விளக்கும் அப்படித்தான். ஆகவே அந்த நெபுலா, தானே ஒளிரும் வாயு என்று தெரிந்தது.

அப்படியானால் கார்த்திகையின் புகையும் ஒளிரும் வாயுவாகத்தான் இருக்க வேண்டும்! இப்படித்தான் பலரும் எதிர்பார்த்தார்கள்.

1912 டிசம்பர். அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், பிளாக்ஸ்டாஃப் என்ற ஊர். அங்குள்ள லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் என்பவர் வேலை பார்த்தார். அமைதியானவர், அவசரப்படாதவர். மெரோபியின் பக்கத்துப் புகையை மட்டும் தனியே பிடித்து நிறமாலை எடுக்க அவர் முடிவு செய்தார். சொல்வது சுலபம். ஏற்கெனவே மங்கலாக இருக்கும் புகை; அதன் வெளிச்சத்தையும் வண்ணம் வண்ணமாகப் பிரித்தால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் எவ்வளவு மிஞ்சும்? ஒரே தகட்டை வைத்துக்கொண்டு, ஓர் இரவு போதாமல் பல இரவுகள், 24 அங்குலத் தொலைநோக்கியை அந்தப் புகையின் மீதே குறி தவறாமல் வைத்திருந்தார். அந்த ஊரில் டிசம்பர் மாதம் பனி கொட்டும். தொலைநோக்கி இருக்கும் கூடத்தில் கணப்பு மூட்டவும் கூடாது. சூடான காற்று அலைந்தால் நட்சத்திரம் நடுங்கும்.

தகட்டைக் கழுவிப் பார்த்தார். பளிச் கோடு ஒன்றுகூட இல்லை! மெல்லிய முழுப் பட்டை இருந்தது, நடுநடுவே கருப்புக் கோடுகள் இருந்தன. அந்தக் கருப்புக் கோடுகள் அவருக்கு ஏற்கெனவே பழக்கமானவை. கார்த்திகை நட்சத்திரங்களின் நிறமாலையில் இருக்கும் அதே ஹைட்ரஜன், ஹீலியம் கோடுகள்!

நிறமாலைக் கோடுகள் என்பவை கைரேகை மாதிரி. புகையில் நட்சத்திரத்தின் கைரேகை இருக்கிறது என்றால், அந்த வெளிச்சம் நட்சத்திரத்துடையது என்றுதானே அர்த்தம்? புகை தானாக எரியவில்லை. பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் அதன்மேல் பட்டு நம் பக்கம் திரும்பி வருகிறது. நிலா எப்படிச் சூரியனிடம் வெளிச்சம் வாங்கிப் பிரகாசிக்கிறதோ, அதுபோல. இப்படிப்பட்ட முகில்களைப் பிரதிபலிப்பு நெபுலா என்கிறோம். வெளிச்சத்தை இப்படித் திருப்பிவிடுவது பொடிப்பொடியான துகள்களாக இருக்க வேண்டும் என்றும் ஸ்லைஃபர் ஊகித்தார். அதாவது, தூசி!

அதே கட்டுரையில் அவர் இன்னொரு ஊகமும் செய்தார். ஆண்ட்ரோமீடா நெபுலாவும் இதேபோல் ஒரு நட்சத்திரத்தைச் சூழ்ந்த தூசியாக இருக்கலாம் என்றார். அது தவறாகப் போயிற்று. ஆண்ட்ரோமீடா நம் பால்வீதியைப் போலவே கோடானுகோடி நட்சத்திரங்கள் கொண்ட தனி மண்டலம் என்பது 1920-களில் எட்வின் ஹப்பிள் மூலம் தெளிவானது. ஒரே பக்கத்தில் ஒன்று சரி, ஒன்று தப்பு! பெரிய விஞ்ஞானிகளுக்கும் இப்படி நடப்பது சகஜம்தான்.

ஏன் சில நெபுலாக்கள் தானே ஒளிர்கின்றன, சில வாங்கி ஒளிர்கின்றன? இதற்குப் பதில் சொன்னவரும் ஹப்பிள்தான், 1922-ல். பக்கத்தில் இருக்கும் நட்சத்திரம் ஏறக்குறைய 25 ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதித்தால், அதன் புற ஊதா ஒளி வாயுவைத் தூண்டி எரியவைக்கும். அதற்குக் குறைந்தால் தூசியில் பட்டுத் திரும்ப மட்டும்தான் முடியும். கார்த்திகைப் பெண்கள் பன்னிரண்டாயிரம், பதின்மூன்றாயிரம் டிகிரி சூடு உள்ளவர்கள். நம் சூரியனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் வாயுவைக் கொளுத்த அது போதாது.

எவ்வளவு பெரிய தூசி?

ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியாகக் காலை வெயில் கம்பி மாதிரி இறங்கும். அதில் ஆயிரக்கணக்கான தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் கம்பிக்கு வெளியேயும் அதே தூசி இருக்கிறது. ஆனால் வெளிச்சம் படாததால் தெரிவதில்லை. கார்த்திகை நட்சத்திரங்கள்தான் இங்கே அந்த வெயில் கம்பி.

ஆனால் விண்வெளித் தூசி நம் வீட்டுத் தூசியைவிட மிக மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே ஐநூறு, அறுநூறு துகள்களை வரிசையாக அடுக்கலாம். தூசி என்பதைவிடப் புகை என்பதே பொருத்தம்.

எதனால் ஆனது? ஒரு வகை, நம் ஆற்று மணலின் உறவுக்காரனான சிலிக்கேட். இன்னொரு வகை கரி. அகல் விளக்கின் மேலே தட்டைக் கவிழ்த்து வைத்தால் படியும் கரி இருக்கிறதே, அதன் சொந்தக்காரன். மிகக் குளிரான இடங்களில் துகள்களின் மேல் பனிக்கட்டி மேலுறையும் போர்த்தியிருக்கும். வயதான நட்சத்திரங்கள் ஊதிப் பெருத்து, தம் மேல்பகுதியைக் காற்றாக வெளியே விடும்போது இந்தப் பொடிகள் உருவாகின்றன. நட்சத்திரங்கள் வெடிக்கும்போதும் உருவாகின்றன.

எவ்வளவு அடர்த்தி? இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், நூறு மீட்டர் உயரம் உள்ள ஒரு ராட்சதப் பெட்டியைக் கற்பனை செய்யுங்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே சாதாரணமான இடத்தில் அந்தப் பெட்டியை வைத்தால், உள்ளே சுமார் ஒரே ஒரு துகள் அகப்படும்! முகில் உள்ள இடங்களில் இதைவிட அதிகம். அப்படியும் நம் வகுப்பறைக் காற்றோடு ஒப்பிட்டால் சுத்தமோ சுத்தம்.

பிறகு எப்படிப் புகை மாதிரி தெரிகிறது? தூரம்தான் காரணம். இந்த முகில்களின் நீள அகலத்தை ஒளியாண்டில் சொல்ல வேண்டும். ஓர் ஒளியாண்டு என்பது சுமார் ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர். அவ்வளவு ஆழத்துக்குத் துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் கூட்டம் சேர்ந்துவிடாதா?

பால் டம்ளரில் ஒரு நெபுலா

சரி, ஏன் நீலம்? இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு பெரிய கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் எடுங்கள். அறையை இருட்டாக்குங்கள். வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச்சை டம்ளரின் ஒரு பக்கத்தில் வைத்து அடியுங்கள். வெளிச்சம் தண்ணீரைத் தாண்டிப் போய்விடும்; தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது. இப்போது இரண்டு சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். ஆடை எடுத்த பாலாக இருந்தால் நல்லது. பக்கவாட்டில் நின்று பாருங்கள். டம்ளருக்குள் லேசான நீலம்! டார்ச்சுக்கு நேர் எதிரே வந்து டம்ளர் வழியாக அதன் பல்பைப் பாருங்கள். மஞ்சளாக இருக்கும். இன்னும் சில சொட்டு விட்டால் ஆரஞ்சு நிறமாகும். (நிறைய ஊற்றிவிடாதீர்கள். எல்லாம் வெளுத்துப் போகும். அப்புறம் அம்மாவிடம் திட்டு வாங்க நேரிடும்.)

பாலில் கண்ணுக்குத் தெரியாத புரதத் துகள்கள் மிதக்கின்றன. அவற்றின் அளவும் ஏறக்குறைய விண்வெளித் தூசியின் அளவும் ஒன்றுதான்! வெள்ளை வெளிச்சத்துக்குள் எல்லா நிறமும் இருக்கிறது. நீல ஒளியின் அலை நீளம் குறைவு, சிவப்பு ஒளியின் அலை நீளம் அதிகம். இவ்வளவு சிறிய துகள்கள் வழியில் நின்றால், நீல அலைதான் அதிகமாக அவற்றில் பட்டு நாலாபக்கமும் சிதறும். சிவப்பு அலை அவ்வளவாகக் கண்டுகொள்ளாமல் நேரே போய்விடும். அதனால் பக்கத்தில் நிற்பவருக்குச் சிதறி வந்த நீலம் கிடைக்கிறது. நேர் எதிரே நிற்பவருக்கு நீலம் போக மிச்சம் கிடைக்கிறது.

பகல் வானம் நீலமாக இருப்பதற்கும் ஒளிச்சிதறல்தான் காரணம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காற்றில் ஒளியைச் சிதறடிப்பவை மூலக்கூறுகள். அவை தூசியைவிடப் பல நூறு மடங்கு சிறியவை. அங்கே சிவப்பைவிட நீலம் நாலைந்து மடங்கு அதிகமாகச் சிதறும். விண்வெளித் தூசியில் இந்த வேறுபாடு அவ்வளவு இல்லை, சுமார் ஒன்றரை மடங்குதான். அப்படியென்றால் கார்த்திகைப் புகை எப்படி இவ்வளவு அழகான நீலமாக இருக்கிறது? அந்த நட்சத்திரங்களே நீல நிறம் கொண்டவை! கொடுக்கும் வெளிச்சமே நீலம், அதிலும் நீலத்தைத் தேர்ந்தெடுத்துச் சிதறடிக்கும் தூசி. இரண்டும் சேர்ந்துகொண்டன.

நட்சத்திரம் சிவப்பாக இருந்தால்? அதற்கும் உதாரணம் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கு வானில் சிவப்பாக மின்னும் கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தூசி, படத்தில் மஞ்சளாகத் தெரிகிறது. அதன் பக்கத்திலேயே நீல நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தூசி நீலம். ஒரே இடத்து முகில்தான், விளக்குக்கு ஏற்ற நிறம்!

வெறும் கண்ணால் பார்த்தால் இந்த நீலம் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்துப் பார்க்கும் சக்தி இல்லை. தொலைநோக்கியில் பார்த்தாலும் சாம்பல் நிறமாக, டெம்பெல் சொன்ன மூச்சுக் கறையாகத்தான் இருக்கும்.

தூசி செய்த குழப்பம்

அழகு காட்டுகிற இதே தூசி விஞ்ஞானிகளை நீண்ட காலம் ஏமாற்றியும் வந்தது. டம்ளருக்கு நேர் எதிரே நின்றபோது டார்ச் மஞ்சளானது மட்டுமல்ல, மங்கியும் போனது, கவனித்தீர்களா? தூசிக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரங்களுக்கும் இதே கதிதான். மங்கும், சிவக்கும்.

மார்கழிக் காலையில் பனிமூட்டத்தில் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? எந்த இடத்தில் நின்றாலும் உங்களைச் சுற்றி ஒரு வட்டம் வரைதான் தெரியும். நீங்கள்தான் அந்த வட்டத்தின் நடுவில் இருப்பீர்கள். 1785-ல் வில்லியம் ஹெர்ஷல் வானத்து நட்சத்திரங்களை எண்ணி வரைந்த படத்தில் நம் சூரியன் கிட்டத்தட்ட நட்டநடுவில் இருந்தது. அதற்கு முக்கியமான ஒரு காரணம், தூசி என்னும் பனிமூட்டம் அவருக்குத் தெரியாமல் போனதுதான். உண்மையில் சூரியன் பால்வீதியின் மையத்திலிருந்து சுமார் 26 ஆயிரம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

இந்தக் குட்டை உடைத்தவர் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் டிரம்ப்ளர். 1930-ல் அவர் கார்த்திகையைப் போன்ற நூறு நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட்டார். ஒரு தெருவிளக்கு தூரம் போகப் போக மங்கும், சிறுக்கவும் செய்யும். இந்த இரண்டில் எதை வைத்தும் தூரத்தைக் கணக்குப் போடலாம். இரண்டும் ஒரே விடை தர வேண்டும். ஆனால் அவருக்கு விடை ஒத்து வரவில்லை. தூரத்துக் கூட்டங்கள் அவற்றின் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட அதிகமாக மங்கியிருந்தன. வெறும் பிரகாசத்தை வைத்துக் கணக்கிட்டால், பூமியிலிருந்து தள்ளிப் போகப் போக நட்சத்திரக் கூட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போவதாக ஆகிவிடும். அதெப்படி? பூமியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று அந்தக் கூட்டங்களுக்குத் தெரியுமா என்ன? நடுவில் ஏதோ வெளிச்சத்தைக் குடிக்கிறது என்று டிரம்ப்ளர் முடிவு கட்டினார். அதன்பின் தூரக் கணக்குகளை எல்லாம் திருத்த வேண்டியதாயிற்று.

பால்வீதியின் மையத்திலிருந்து புறப்படும் சாதாரண ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மிடம் வந்து சேர்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அகச்சிவப்பு ஒளிக்கு அலை நீளம் அதிகம் என்பதால் அது தூசிக்குள் புகுந்து வந்துவிடும். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்ப்பதற்கு ஒரு காரணம் இது.

யார் வீட்டுத் தூசி?

கார்த்திகை நம்மிடமிருந்து சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்று இரவு நீங்கள் பார்க்கும் வெளிச்சம், மதுரையில் திருமலை நாயக்கர் மகால் கட்டுவதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பியது. கூட்டத்தில் மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் உண்டு.

நட்சத்திரங்கள் வாயுவும் தூசியும் கலந்த முகிலில்தான் பிறக்கின்றன. அதனால் கார்த்திகையைச் சுற்றியுள்ள புகை, அவர்கள் பிறந்தபோது மிஞ்சியது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். குழந்தை பிறந்த வீட்டில் தொட்டில் இருப்பது மாதிரி. பிறகுதான் கணக்கு இடித்தது. இந்த நட்சத்திரங்களுக்கு வயது சுமார் பத்துக் கோடி ஆண்டுகள். பூமியில் டைனோசர்கள் உலாவியபோது பிறந்தவர்கள்! இத்தனை காலத்தில் அந்தப் பழைய முகில் எப்போதோ கலைந்திருக்க வேண்டும். மேலும், நட்சத்திரங்கள் ஒரு திசையில் போகின்றன, தூசி வேறொரு திசையில் போகிறது.

ஆகவே இது வழியில் எதிர்ப்பட்ட தூசி. ராத்திரி ஊட்டிக்கு மலையேறும் பஸ் ஒரு வளைவில் மேகத்துக்குள் நுழைந்துவிடும். ஹெட்லைட் வெளிச்சத்தில் மேகம் வெள்ளை வெளேரென்று தெரியும். அந்த மேகம் பஸ்ஸுடையதா? இல்லையே! கார்த்திகைப் பெண்களும் அப்படித்தான் இப்போது ஒரு தூசி முகிலைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த மாதிரித் தூசியைக் கையில் பிடித்துப் பார்க்க முடியுமா? 'ஸ்டார்டஸ்ட்' என்ற அமெரிக்க விண்கலம் 1999-ல் புறப்பட்டது. வால்நட்சத்திரத் தூசியோடு, நட்சத்திரங்களுக்கு இடையிலிருந்து வரும் தூசியையும் பிடிக்க ஒரு பொறி வைத்திருந்தது. 2006 ஜனவரியில் அந்தப் பெட்டி பூமிக்குத் திரும்பியது. பொறியின் ஒவ்வொரு மூலையையும் நுண்ணோக்கியில் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். உலகம் முழுவதும் சாதாரண மக்கள் வீட்டில் உட்கார்ந்து அந்தப் படங்களில் தடம் தேடினார்கள். 2014-ல் விஞ்ஞானிகள் அறிவித்தது, அப்படிப்பட்ட தூசியாக இருக்கக்கூடிய ஏழே ஏழு துகள்கள்!

வெளிச்சம் தூற்றும் களம்

கடைசியாக மெரோபியிடம் திரும்புவோம். 1890-ல் எட்வர்ட் பர்னார்ட் என்ற அமெரிக்க வானியலாளர், மெரோபிக்கு மிக மிக அருகில், அதன் கண்கூசும் ஒளிக்குள் ஒளிந்திருந்த ஒரு சின்ன, பளிச்சென்ற முகிலைக் கண்டுபிடித்தார். மெரோபிக்கும் அதற்கும் உள்ள தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 3,500 மடங்குதான். நட்சத்திரக் கணக்கில் இது அடுத்த வீடு. 1999-ல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அதைப் படம் எடுத்தபோது, அதிலிருந்து மெரோபியை நோக்கி நேர்நேரான ஒளிக்கோடுகள் நீண்டிருந்தன.

களத்தில் நெல் தூற்றுவதைக் கிராமத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். முறத்தை உயர்த்திக் கொட்டினால் கனமான மணி நேராக விழும், பதர் காற்றில் ஒதுங்கும். மெரோபியின் பக்கத்தில் நடப்பதும் அதுதான். அங்கே காற்றின் வேலையைச் செய்வது வெளிச்சம்! ஒளிக்கும் தள்ளும் சக்தி உண்டு. மிக மெல்லிய தள்ளல். நம்மால் உணர முடியாது. ஆனால் இத்தனை சின்னத் துகள்களுக்கு அதுவே போதும். முகில் நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் மெரோபியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. சிறிய துகள்களை வெளிச்சம் தடுத்து வேகத்தைக் குறைக்கிறது. பெரிய துகள்கள் அந்த அளவுக்குத் தடைபடாமல் முன்னால் போய்விடுகின்றன. அந்த ஒளிக்கோடுகள் இப்படிப் பிரிந்த துகள்களின் வரிசைதான்.

இன்னும் சில ஆயிரம் ஆண்டுகளில், முழுவதும் சிதைந்து போகாமல் தப்பித்தால், அந்தக் குட்டி முகில் மெரோபியைச் சுற்றி வளைந்து, சூரியனைச் சுற்றிப் போகும் வால்நட்சத்திரம் மாதிரி மறுபக்கம் போய்விடும்.